"வளர்ற பிள்ளைதானே" என்று சொல்லிச் சைக்கிள் விற்பவர்களிடம் கவனம்

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். திருச்சியில் ஒரு பெரிய சைக்கிள் கடை என் மகள் விஷயத்தில் எங்களை ஏமாற்றியது. கடையின் பெயரை நான் போடவில்லை. அவர்கள் செய்த வேலை எந்த ஊர்க் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால், அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

மகளுக்குப் பன்னிரண்டரை வயது. உயரம் 152 செ.மீ. பழைய 24 அங்குலச் சைக்கிளில் திரும்பும்போதெல்லாம் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த வயதில் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் பத்தாது, பெரியவர்களின் சைக்கிள் முழுசாகப் பொருந்தாது. அதனால் போவதற்கு முன்பே கடைக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்: பெண் குழந்தை, வயது, உயரம், கால் அளவு 70 செ.மீ., சக்கரம் 26, ஃபிரேம் 15 அங்குலம். "ஓகே மேடம், ஸ்டாக் இருக்கு, வாங்க" என்று பதில் வந்தது.

கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு சைக்கிளைக் காட்டினார்கள். மகள் ஏறி உட்கார்ந்தாள், இறங்கி, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இருக்கும் பாரின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றாள். அளவு சரியாக இருந்தது. விலை 12,500 ரூபாய். "இது டிஸ்ப்ளே பீஸ் அக்கா. குடோன்ல இருந்து புதுசு எடுத்து ஃபிட் பண்ணி நாளைக்கு வீட்டுக்கே அனுப்பிடுறோம்" என்றார்கள். முழுப் பணத்தையும் யூபிஐயில் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் "சைக்கிள் 26 – 1" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஒழுங்கான பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 12 பர்சென்ட் தனியா ஆகும். பரவாயில்லை, வண்டியோட சேர்த்து அனுப்புறேன்" என்றார் கல்லாவில் இருந்தவர். இது இரட்டைப் பொய். சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். தவிர, எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

மறுநாள் இருட்டிய பிறகு வண்டி வந்தது. நீலக் கலர். "கலர்தான் வேற, சைஸ் அதேதான்" என்று கொண்டுவந்த பையன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். பில் வரவில்லை. காலையில் மகள் ஏறிப் பார்த்தால், இறங்கி நிற்கும்போது பார் இடிக்கிறது. குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில்தான் நிற்க முடிகிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்னால் படுத்துக்கொள்வது போல் நீட்ட வேண்டியிருக்கிறது.

போன் செய்தேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் நீங்களும் இதே பேச்சைக் கேட்பீர்கள். "நீங்க 26தான் கேட்டீங்க, 26தான் குடுத்திருக்கோம். வளர்ற பிள்ளைதானே அக்கா! யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெருசாத் தைக்கிறது இல்லையா? ரெண்டு வருஷத்துல கரெக்டா இருக்கும். நாங்கல்லாம் குரங்கு பெடல் போட்டுத்தான் கத்துக்கிட்டோம்."

இந்த ஒவ்வொரு வரிக்கும் பதில் இருக்கிறது.

முதலில் அந்த 26. கடைகளில் 24டி, 26டி, 27.5டி, 29டி என்று சொல்வது சக்கரத்தின் அளவு. பிள்ளைக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதைச் சக்கரத்தை விட ஃபிரேமின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஒரே 26 அங்குலச் சக்கரத்தில் 14 அங்குல ஃபிரேமும் வருகிறது, 18 அங்குல ஃபிரேமும் வருகிறது. முன்னது ஐந்தடிப் பிள்ளைக்கு, பின்னது ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு. எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட்டு "26தானே" என்று சாதிக்க இந்தக் குழப்பம் கடைக்காரருக்கு வசதி. ஃபிரேமை அளப்பது சுலபம். பெடல் கட்டைகள் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, சீட் செருகும் குழாயின் மேல் விளிம்பு வரை டேப் வைத்தால் போதும். எங்களுக்கு வந்ததை அளந்தேன். 47 செ.மீ. இருந்தது. பதினெட்டரை அங்குலம். சீட் குழாயில் அளவு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உரிக்கப்பட்டு, பசை மட்டும் மிச்சம் இருந்தது.

அடுத்தது "ரெண்டு வருஷத்துல சரியாகிடும்" என்பது. இதுதான் பெற்றோரைச் சாய்க்கும் வார்த்தை. பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில். வயதுக்கு வந்த பிறகு பொதுவாக இன்னும் ஐந்து முதல் ஏழு செ.மீ. வரைதான் வளர்வார்கள். என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள். 158, அதிகம் போனால் 160 செ.மீ. அந்த ஃபிரேம் 170 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கானது. இரண்டு வருடம் இல்லை, எத்தனை வருடம் காத்திருந்தாலும் அது அவளுக்குப் பொருந்தப் போவதில்லை. வயதையும் உயரத்தையும் எழுத்தில் சொல்லிக் கேட்ட பிறகும் இதைத் தள்ளிவிட்டார்கள். விற்காமல் கிடந்த பெரிய ஃபிரேமை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்காமல் என்ன செய்வது?

ஆண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளி வருகிறது, பதின்மூன்று, பதினான்கு வயதில். ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது செ.மீ. வளர்கிற பையன்கள் உண்டு. அதனால் பையன்களிடம் இந்தப் பேச்சு இன்னும் எளிதாக எடுபடும். ஆனால் அங்கேயும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வயதில் முதலில் நீள்வது கால். உடம்பு கொஞ்சம் பிந்தித்தான் வளரும். அதனால் "பாருங்க, கால் எட்டுது" என்று கடைக்காரர் காட்டும்போது கால் எட்டும்தான். ஆனால் முதுகையும் கையையும் ஹேண்டில்பார் வரை நீட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையில் இருக்கும் பாரின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. வளர்கிற பிள்ளைக்கு இடம் விட்டு வாங்குவது என்றால், இன்றைக்குப் பொருந்தும் ஃபிரேமை வாங்கி, சீட் பில்லரை (சீட்டைத் தாங்கி, ஃபிரேம் குழாய்க்குள் இறங்கும் கம்பியை) ஆழமாக இறக்கி வைத்திருப்பது. கால் நீள நீள பில்லரை உயர்த்திக்கொண்டே போகலாம். பத்து செ.மீ.க்குக் குறையாமல் இடம் கிடைக்கும். பெரிய ஃபிரேமில் சீட்டை ஏற்கெனவே அடி வரை இறக்கிவிட்ட பிறகு இன்றைக்கு என்ன செய்ய முடியும்?

குரங்கு பெடல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரே சைக்கிள், அதுவும் 22 அங்குல ஃபிரேமும் 28 அங்குலச் சக்கரமும் கொண்ட அப்பாவின் சைக்கிள் என்றிருந்த காலத்தில், வேறு வழி இல்லாமல் பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டினார்கள். காலியாகக் கிடந்த திடலில் ஓட்டினார்கள். விழப் போனால் குதித்துவிட முடிந்தது. பள்ளிக்கூட நேரத்தில் தனியார் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் போகிற பிள்ளைக்கு அதை உதாரணமாகச் சொல்வது மனசாட்சி உள்ளவர் பேசுகிற பேச்சு இல்லை.

நான் விடாமல் பேசியதால் "சைஸ் குறைச்சுத் தர்றோம்" என்று ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் சீட்டைப் பில்லரோடு கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். சீட் முன்பை விடக் கீழே இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணியிருக்கு மேடம்" என்றார். வண்டியை மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், பள்ளிக்கும் வேறு வழி இல்லை.

உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில், முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. மகளின் விரல்கள் பிரேக் லீவரை முழுசாகச் சுற்றிப் பிடிக்கவில்லை. எப்படியோ நிறுத்திவிட்டாள். சீட்டை விட்டு இறங்கிக் காலை ஊன்றப் போனால் பார் தடுத்து, கால் எட்டாமல் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தோம், முறிவு இல்லை. பின்னால் பஸ் எதுவும் வராததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிற பெரியவரிடம் சைக்கிளைக் கொண்டுபோனோம். அவர் சீட் பில்லரை உருவிப் பார்த்துவிட்டு, "பாப்பாவை இதுல ஏத்தாதீங்கம்மா, அறுத்துருக்காங்க" என்றார். சீட்டை இன்னும் இறக்குவதற்காகப் பில்லரின் அடிப்பாகத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லரிலும் அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குச் சீட்டை உயர்த்தக் கூடாது என்று பொருள். உள்ளே இருக்கிற பகுதி குறைந்தால் பில்லர் முறியலாம், ஃபிரேம் குழாயும் விரிசல் விடலாம். அடியை அறுத்ததில் அந்தக் கோடும் சேர்ந்து போய்விட்டது. நாளைக்கு அவள் வளர்ந்து நாங்கள் சீட்டை உயர்த்தும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. எங்களை ஏமாற்றியதைக் கூட ஒரு வகையில் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரேக் லீவர் தூரமாக இருந்ததற்கு ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் போதுமாம். லீவர் ஹேண்டில் பக்கமாக நெருங்கி வரும். பெரும்பாலான லீவர்களில் அது இருக்கிறது. பிள்ளைக்கு என்று தெரிந்து விற்கும் கடை அதைக்கூடச் செய்து தரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. "கஸ்டமர் பார்த்துத்தான் எடுத்தார்" என்று கடை பதில் சொன்னது. அடுத்து, ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினேன். வாட்ஸப் உரையாடல், யூபிஐ ரசீது, டேப் வைத்து அளந்த படம், அறுத்த பில்லரின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். பில் கொடுக்காததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்றும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன் என்றும் எழுதினேன். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. "எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்?" என்று அதே குரல். சைக்கிளை எடுத்துக்கொண்டு 11,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். ஓட்டியதற்கு என்று 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அது அநியாயம்தான். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமே என்று அத்தோடு விட்டேன். அவர்களை அசைத்தது அந்த வாட்ஸப் செய்திதான். அதனால் கடையில் வாயால் என்ன பேசினாலும், அளவுகளை எழுத்திலும் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.

கால் அளவு எடுப்பது இப்படி. பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே அழுந்தும் வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறித்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். பாரின் உயரம் இதை விட இரண்டு மூன்று செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். மண் சாலையில் ஓட்டுகிற பிள்ளை என்றால் ஐந்து செ.மீ. வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் விறைக்கக் கூடாது.

வண்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். பிள்ளை ஏறிப் பார்த்த அதே வண்டியையோ, கண் முன்னால் பூட்டிய வண்டியையோ ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். மாடல், ஃபிரேம் அளவு, அந்த எண் மூன்றும் பில்லில் இருக்கட்டும். "எழுத முடியாது" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வேறு கடையில் நாங்கள் வாங்கிய 15 அங்குல ஃபிரேமுக்கு, கேட்காமலே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இன்னொன்று. அந்த நீலச் சைக்கிள் அறுத்த பில்லரோடு அந்தக் கடைக்கே திரும்பிப் போயிருக்கிறது. மறுபடி விற்காதீர்கள் என்று அந்தக் கடைக்கு எழுதிவிட்டேன், பதில் இல்லை. 26 அங்குலச் சக்கரம், பதினெட்டரை அங்குல ஃபிரேம், சீட் குழாயில் ஸ்டிக்கர் உரித்த பசை. இப்படி ஒரு வண்டியைத் தள்ளுபடி என்று சொல்லிக் காட்டினால் சீட்டை உருவிக் காட்டச் சொல்லுங்கள். பில்லரின் அடியில் கோடு இல்லாவிட்டால் அது எங்கள் வீட்டிலிருந்து போன சைக்கிள்.