தேஜே: பிரிந்த சபையினர் சேர்ந்து தங்கும் குன்று

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், குளூனி நகருக்கு வடக்கே ஒரு குன்றின்மேல் அமைந்துள்ள தேஜே துறவுக் குழுமம், பல நாடுகளிலிருந்து வரும் இளைஞர்களைப் பெரும்பாலும் ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்கவைக்கிறது. ஒரு கோடை வாரம் அங்கே தங்கினேன். விடுதி என்ற அளவில் பார்த்தால் வசதிகள் மிகவும் குறைவு. ஆயினும், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் தத்தம் மரபைக் கைவிடாமல் ஒன்றாக வாழ்வதைக் கண்ணால் காண விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

இக்குழுமத்தை நிறுவியவர் ரோஜர். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட் மரபின் ஒரு கிளை) போதகர் ஒருவரின் மகனான அவர், 1940இல், தம் 25ஆம் வயதில் இவ்வூருக்கு வந்து வீடு வாங்கி, யூதர் உள்ளிட்ட போர் அகதிகளுக்குப் புகலிடம் அளித்தார். 1949ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று ‘சகோதரர்கள்’ எனப்படும் குழுமத் துறவியர் எழுவர் வாழ்நாள் துறவு வாக்குறுதி எடுத்தனர். தொடக்கத்தில் அனைவரும் புராட்டஸ்டன்ட் மரபினராக இருந்த குழுமத்தில் 1969 முதல் கத்தோலிக்கரும் சேர்ந்தனர். சீர்திருத்தச் சபையில் வளர்ந்த ரோஜருக்குப் பின் ஜெர்மனியக் கத்தோலிக்கரான அலோயிஸ் தலைவரானார். 2023 டிசம்பர் முதல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆங்கிலிக்கரான மத்தேயு அப்பொறுப்பை வகிக்கிறார். சபைகளின் ஒற்றுமையைக் குறித்து எத்தனையோ அறிக்கைகள் எழுதப்பட்டிருந்தாலும், மூன்று மரபினர் அடுத்தடுத்து ஒரே குழுமத்தை வழிநடத்தியிருப்பது எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

நாளுக்கு மூன்று முறை மணி ஒலித்ததும் எல்லா வேலையும் நிற்கிறது. 1962இல் திறக்கப்பட்ட ஒப்புரவு ஆலயம், போரில் தம் நாடு செய்தவற்றுக்குப் பரிகாரமாக ஜெர்மானிய இளைஞர்கள் கட்டித்தந்தது. ஆலயத்தில் பெரும்பாலோர் தரையிலேயே அமர்கின்றனர். நடுவே வெண்ணிற அங்கி அணிந்த சகோதரர்கள். சிறு வரிகளாலான பாடல்களைப் பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பாடுவதும், அதன்பின் நீண்ட நேரம் மௌனமாக இருப்பதுமே வழிபாட்டின் பெரும்பகுதி. நீண்ட பிரசங்கத்துக்குப் பழகிய நம்மவர்க்கு முதல் நாள் ஏதோ குறைவதுபோல் தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் எந்த மரபினரும் பிறரது கோட்பாட்டுக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயமின்றிச் சேர்ந்து பாட முடிவது இந்த எளிமையால்தான்.

ஒற்றுமையின் எல்லை காலை வழிபாட்டில் தெரிகிறது. நற்கருணை (இயேசுவின் இறுதி விருந்தை நினைவுகூரும் சடங்கில் தரப்படுவது; சில சபைகளில் திருவிருந்து) வழங்கப்படும்போது, அதைப் பெறாதவர்களுக்கெனக் கூடைகளில் ஆசீர்வதித்த ரொட்டி தனியே தரப்படுகிறது. அது நற்கருணை அன்று, எவரும் பெற்றுக்கொள்ளலாம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே அமைப்பாக இணைந்ததால் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், ஒரே திருவிருந்தில் பங்குகொண்டு வளர்ந்த எனக்கு, அந்தக் கூடை சற்று வலித்தது. எனினும், தீராத பிரிவைத் தீர்ந்துவிட்டதாகக் காட்டாமல் வெளிப்படையாக வைத்திருக்கும் நேர்மையை மதிக்கிறேன். சபைகளை இணைத்துப் புதிய சபை ஒன்றை உருவாக்குவது தேஜேயின் நோக்கமன்று. அமைப்புகள் ஒன்றாகும்வரை காத்திராமல் சேர்ந்து வாழ்வதையே அது முன்வைக்கிறது.

காலையில் ஒரு சகோதரர் திருமறைப் பகுதியொன்றை விளக்குகிறார். பின்னர் சிறு குழுக்களில் உரையாடல். பிற்பகலில் வேலை. எங்கள் குழுவில் லூத்தரன் மாணவியும் போலந்துக் கத்தோலிக்க இளைஞர்களும் இருந்தனர். மரியாளைக் குறித்த விவாதம் சூடேறி முடிவின்றி நின்றபோதும், அவர்களே அன்று மாலை பெரிய பாத்திரங்களைச் சேர்ந்து கழுவினர். கழிவறை சுத்தம் செய்வது, உணவு பரிமாறுவது என எல்லாப் பணியும் விருந்தினருடையதே. குழு உரையாடலுக்கு ஓரளவேனும் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருப்பது நல்லது.

உணவு மிக எளியது. காலையில் ரொட்டியும் வெண்ணெயும் ஒரு கிண்ணம் சூடான பானமும். காரத்துக்கு ஏங்குபவர் ஊறுகாய் கொண்டு செல்லலாம். தங்குவது பலர் பகிரும் அறைகளில் அல்லது சொந்தக் கூடாரத்தில். சகோதரர்கள் தங்களுக்கென நன்கொடை ஏற்பதில்லை. மட்பாண்டம், நூல்கள் போன்ற தம் உழைப்பின் வருவாயிலேயே வாழ்கின்றனர். விருந்தினர் செலுத்தும் தொகை வயதுக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறுகிறது.

ஓய்வு நாடுவோருக்கும் முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் இதைத் தயக்கத்துடனேயே பரிந்துரைப்பேன். சபை வேறுபாட்டால் திருமணப் பேச்சிலோ நட்பிலோ சிக்கல் கண்ட இளைஞர்கள் அவசியம் செல்லலாம். நடுவயதினருக்கான நிகழ்ச்சிகளும் தங்குமிடமும் தனி என்பதால், முன்பதிவு செய்யும்போதே வயதைத் தெரிவிக்க வேண்டும்.