‘ஃபுல் இன்டீரியர்’ பவுண்டி மரக்கப்பல் கிட்: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எச்.எம்.எஸ். பவுண்டி என்ற பழைய பிரிட்டிஷ் கப்பலின் மாதிரியை வீட்டிலேயே கட்டுவதற்கான கிட், 1:48 அளவு (அசலில் 48-ல் ஒரு பங்கு), முழுக்க மரம், ‘ஃபுல் இன்டீரியர்’, விலை 18,500 ரூபாய். கூடவே சில படங்கள். கப்பலின் ஒரு பக்கத்தைப் பலகையால் மூடாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். உள்ளே செடித்தொட்டிகள் அடுக்கிய பெரிய அறை, சமையலடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய்கள், மாலுமிகளின் தொங்குபடுக்கைகள் என்று ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். என்னிடம் வந்த பெட்டியை வைத்துக்கொண்டு எப்பேர்ப்பட்ட கைகாரரும் அந்தக் கப்பலைக் கட்ட முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது தெரிந்தால் இதை எனக்கு விற்றவரிடம் மட்டுமல்ல, இதேபோல விற்கும் யாரிடமும் பணத்தைக் கொடுக்க மாட்டீர்கள்.

முதலில், ஏன் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கவில்லை என்று கேட்பீர்கள். நம் நாட்டில் இந்தக் கிட்டுகள் சுங்கத்தில் பொம்மைக் கணக்கில் மாட்டிக்கொள்கின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதற்கு மேல் கூரியர் செலவு வேறு. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் நல்ல கிட்டை வரவழைத்தால் கப்பல் விலைக்குச் சமமாக வரியும் செலவும் வந்து நிற்கும் என்கிற பயம் எல்லோருக்கும் உண்டு. இந்தப் பயம்தான் இந்த வியாபாரிகளின் முதலீடு. “டியூட்டி எல்லாம் நாங்க கட்டிட்டோம் சார், ஸ்டாக் இந்தியாவிலேயே இருக்கு” என்பதுதான் அவர் எனக்கு எழுதிய முதல் வாக்கியம்.

நான் கேட்டவை அப்படியே வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. “படத்தில் இருப்பது இந்த கிட்டில் கட்டியதா?” என்று கேட்டேன். “ஆமா சார், நம்ம கஸ்டமர் கட்டினது.” “உள்ளறைச் சாமான்கள் கிட்டிலேயே வருமா?” “எல்லாமே வரும் சார், கட்டில் மேஜைகூட மெட்டல்ல வரும்.” “பில் தருவீர்களா?” “கண்டிப்பா சார்.” பாதிப் பணம் முன்பணம், மீதி கூரியரில் போடும்போது. இரண்டுமே ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போயின. அதன்பிறகு பல வாரம் “கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கு சார்” என்ற ஒரே பதில். ஸ்டாக் இந்தியாவில் இருப்பதாகச் சொன்னவர்தான் இதையும் சொன்னார். கடைசியில் பெட்டி வந்தபோது கூரியர் சீட்டைப் பார்த்தேன். என் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் புக் செய்யப்பட்டிருந்தது. பில் இல்லை.

சரி, தாமதத்தை விடுங்கள். பெட்டிக்குள் இருந்ததற்கு வருகிறேன்.

மரக்கப்பல் கிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே முறையில்தான் வடிவமைக்கப்படுகின்றன. அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) அமரம் (பின்முனை) வரை நீளமாக ஒரு நடுப்பலகை. அதில் வெட்டியிருக்கும் காடிகளில் குறுக்குச் சட்டங்களைச் சொருக வேண்டும். மீன் முள்ளைப் பார்ப்பது போலவே இருக்கும். மேலே தளத்தை ஒட்டி, பக்கங்களில் மெல்லிய பலகைப் பட்டிகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினால் கப்பல் தயார். இதில் குறுக்குச் சட்டங்கள் பெரும்பாலும் முழுப்பலகைகள். கப்பலின் உட்புறம் முழுவதும் சில சென்டிமீட்டருக்கு ஒரு சுவராக அடைபட்டுப் போகும். வெளியிலிருந்து பார்க்கிற கப்பலுக்கு இது போதும், உறுதியாகவும் நிற்கும். குறையே இல்லை.

உள்ளறை வேண்டுமென்றால் கதை வேறு. சட்டங்களின் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்து, ‘ப’ எழுத்தின் மூலைகளை வளைத்தது போல இரு பக்கமும் அடியும் மட்டும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். நடுப்பலகை கீழ்த்தளத்தின் உயரத்தோடு நின்றுவிட வேண்டும். கீழ்த்தளத்துக்கென்று தனியாகக் குறுக்கு உத்திரங்கள், அதன்மேல் தளப்பலகை, தடுப்புச் சுவர்கள் எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். திறந்து காட்டுகிற பக்கத்தில் சட்டங்கள் வெளியே தெரியும் என்பதால் அவற்றின் மரமும் பார்க்கிறபடி இருக்க வேண்டும்.

எனக்கு வந்த சட்டங்கள் அத்தனையும் முழுப்பலகை. நடுப்பலகை மேல்தளம் வரை உயர்ந்து நிற்கிறது. இதைச் சேர்த்தால் அமரத்தில் உள்ள பெரிய அறையின் நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர், குறுக்கே இரண்டு சுவர். அந்த இண்டு இடுக்குகளில் எந்தச் சாமானை வைப்பது? கீழ்த்தளம் என்று ஒரு பலகைகூட பெட்டியில் இல்லை. மரமும் மரமல்ல, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை லேசரில் வெட்டியது. ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது, நகத்தால் கீறினால் தூள் உதிர்கிறது. இதைத் திறந்த பக்கத்தில் காட்டினால் பிளைவுட் கடைக் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதாகத்தான் தோன்றும்.

காடிகளும் பொருந்தவில்லை. வேறொருவரின் கிட்டைப் பிரித்து ஸ்கேன் செய்து லேசருக்கு அனுப்புகிறவர்கள் செய்கிற வேலை இது என்று ஓரிரு கிட்டுகள் கட்டியவர்களுக்கே புரிந்துவிடும். மூலக் கிட்டில் பலகையின் தடிமன் எவ்வளவோ அதற்கேற்பக் காடியின் அகலத்தை வெட்டியிருப்பார்கள். நகலெடுப்பவர் கைக்குக் கிடைத்த பலகையில் அதே கோடுகளை வெட்டுகிறார். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் சட்டம் லொடலொடவென்று ஆடும், இல்லையென்றால் உள்ளே போகவே போகாது. என் பெட்டியில் இரண்டு ரகமும் உண்டு.

அப்புறம் வரைபடம். மூல வரைபடத்தை ஏ4 தாள்களில் துண்டு துண்டாகப் பிரின்ட் எடுத்து மடித்து வைத்திருந்தார்கள். பிரின்டரில் ‘தாளுக்குப் பொருத்து’ என்கிற வசதி தானாகவே கொஞ்சம் சுருக்கிவிடும். தாளின் மூலையில் இருந்த அளவுகோல் கோட்டில் 100 மி.மீ. என்று போட்டிருந்ததை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 96 இருந்தது. பாய்மரங்களையும் பருமல்களையும் (பாய்களைக் கட்டும் குறுக்குக் கட்டைகள்) இந்தத் தாளைப் பார்த்து வெட்டினால் எல்லாமே குட்டையாகும்.

இனி அந்தக் கட்டில் மேஜை விஷயம். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பவுண்டியை நான் தேடிப் பிடித்ததே அதன் உள்ளறைக்காக. 1784-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பெத்தியா என்ற பெயரில் கட்டப்பட்ட சின்ன வணிகக் கப்பல் அது. 1787-ல் பிரிட்டிஷ் கடற்படை 1,950 பவுண்டுக்கு வாங்கிப் பெயர் மாற்றியது. தஹிதித் தீவிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. அதற்காகக் கேப்டனுக்குரிய பெரிய அறையையே செடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தொட்டிகள் உட்காரும்படி வரிசையாக ஓட்டைகள் போட்ட மேடை, வெளிச்சத்துக்கு மேலே இரண்டு கண்ணாடித் திறப்புகள், காற்றுக்குப் பக்கத்துக்கு மூன்று ஜன்னல்கள். தளத்தில் ஈயத்தகடு விரித்து, செடிகளிலிருந்து வடியும் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே தொட்டிகளில் பிடித்து மறுபடியும் ஊற்றினார்கள். கேப்டன் பிளை தூங்கியது பக்கத்தில் இருந்த ஒரு குறுகலான அறையில். தஹிதியில் ஏற்றிய கன்றுகள் 1,015. 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் செய்த மாலுமிகள் கப்பலைப் பிடித்த பிறகு அத்தனையையும் கடலில் வீசினார்கள். கலகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அந்த மிதக்கும் நாற்றங்கால்தான் பிடித்தது. தொட்டி தொட்டியாகச் செய்து அடுக்க வேண்டும் என்று ஆசை.

பெட்டியில் ஒரு தொட்டிகூட இல்லை. பிளாஸ்டிக் பையில் நான்கு தூண் வைத்த கட்டில், சோபா, ஒரு சாண்டிலியர், சில நாற்காலிகள். பொம்மை வீட்டுச் சாமான்கள். மெட்டல் என்பதும் பொய், பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். நாற்காலியில் உட்காரும் பலகையின் உயரம் 20 மி.மீ. இருந்தது. 48-ஆல் பெருக்கினால் 96 செ.மீ. வருகிறது. 1:48-ல் ஓர் ஆள் ஏறத்தாழ 35 மி.மீ. உயரம்தான் இருப்பான். அவன் இந்த நாற்காலியில் உட்கார ஏணி வைத்து ஏற வேண்டும்.

கப்பலின் அளவாவது சரியா என்று பார்த்தேன். பவுண்டியின் தளநீளம் 90 அடி 10 அங்குலம், அதாவது சுமார் 27.7 மீட்டர். 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 57.7 செ.மீ. எனக்கு வந்த நடுப்பலகையில் தளம் உட்காரும் பகுதி 45 செ.மீ.தான். கணக்குப் போட்டால் அது 1:61-க்குப் பக்கம். விளம்பரத்தில் ‘நீளம் 70 செ.மீ.’ என்று போட்டிருப்பது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்த நீளமாக இருக்க வேண்டும். மொத்த நீளத்தை மட்டும் சொல்லி, கப்பலுடலின் நீளத்தைச் சொல்லாத விற்பனையாளரிடம் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கால்குலேட்டர் இருந்தால் போதும், 1:48 என்பது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விளம்பரப் படங்களைக் கூகுளில் படம் வைத்துத் தேடியதில், அவை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கட்டிய கப்பலின் படங்கள் என்று தெரிந்தது. “நம்ம கஸ்டமர்” என்று சொல்லப்பட்ட அவருக்கு இப்படியொரு வியாபாரி இருப்பதே தெரிந்திருக்காது. படங்களின் ஓரத்தை வெட்டி, மேலே தன் கைப்பேசி எண்ணைப் போட்டிருக்கிறார் நம் ஆள்.

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். முதல் பதில்: “சார் நீங்க பிகினர்னு நினைக்கிறேன், முழுசா கட்டினதுக்கு அப்புறம் சரியா வரும்.” எம்.டி.எஃப். சுவர் கட்டிய பிறகு தானாகக் கரைந்துவிடுமா என்று கேட்டேன். அடுத்த பதில்: “இன்டீரியர் ஃபிரேம் தனி ஆட்-ஆன் சார், ஆறாயிரம் ஆகும்.” ஃபுல் இன்டீரியர் என்று அவரே எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். வேறு எண்ணிலிருந்து பார்த்தேன், விற்பனை ஜோராக நடக்கிறது. இப்போது விக்டரி என்ற இன்னொரு கப்பலின் கிட்டையும் போட்டிருக்கிறார், அதுவும் ஃபுல் இன்டீரியராம்.

யுபிஐ ஆப்பில் புகார் கொடுத்தேன். தனிநபருக்கு நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பொருள் சொன்னபடி இல்லை என்று வங்கி வழியாக எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு வழி இருந்திருக்கும். கார்டு வாங்க மறுத்து யுபிஐ மட்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பதிவு செய்துகொண்டார்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதையெல்லாம் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நம் ஆளின் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் கூரியர் சீட்டில் அனுப்புநர் முகவரி இருந்தது. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் புகாருக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

புகார் போன சில நாளில் அவரே கூப்பிட்டார். குரலில் தேன். “அண்ணா, நமக்குள்ள எதுக்கு அண்ணா இதெல்லாம், நாலாயிரம் போட்டு விடுறேன், கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிடுங்க.” அதுவரை சார், அன்றைக்கு அண்ணா. முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு உங்கள் எம்.டி.எஃப்.பை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்தார், இன்னும் யோசிக்கிறார்.

வாங்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கட்டி முடித்த கப்பலின் படம் வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களைத் தரையில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் அன்றைய தேதி எழுதிய காகிதமும் வைத்து எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். நடுவில் குடைந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். முழுப்பலகையாக இருந்தால் உள்ளறை கிடையாது, அவர் என்ன சத்தியம் செய்தாலும் கிடையாது. ‘அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே அழகான படங்களை அனுப்புகிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். பவுண்டியின் மூல வரைபடங்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசினால் எதிராளிக்குக் கப்பல் தெரியுமா, லேசர் மட்டும்தான் தெரியுமா என்பது இரண்டாவது கேள்வியிலேயே புரியும்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். பெட்டி வந்துவிட்டால் கூரியர் சீட்டு தெரிகிறபடி தொடங்கி, பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் ஒட்டிப் பார்க்க வேண்டாம், ஒட்டிவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார். உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துவிடுங்கள், அவர் தன் பக்கச் செய்திகளை அழிக்கத் தொடங்கிவிட்டார். நான் நுகர்வோர் வழக்குகளை இணையத்திலேயே தாக்கல் செய்யும் இ-ஜாக்ரிதி தளம் (முன்பு இ-தாக்கில்) வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதே கிட்டை வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கூரியர் சீட்டில் இருக்கும் அனுப்புநர் ஊரை மட்டும் எனக்குத் தனிச் செய்தியில் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரே விலாசம் வந்தால் மனுவில் அதையும் சேர்த்துவிடுவேன்.