நர்சம்மா குவார்ட்டர்ஸா, பள்ளிக் கழிப்பறையா: பஞ்சாயத்துப் பணத்தை எதில் போடலாம்?

சேர்வராயன் மலையில் இருக்கும் எங்கள் ஊர்க் கிராம சபையில் இரண்டு கோரிக்கைகள் மோதின. பள்ளிக்குக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்று, துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய நர்சம்மா குவார்ட்டர்ஸை மராமத்து பார்ப்பது இன்னொன்று. நான் குவார்ட்டர்ஸுக்குத்தான் கை தூக்கினேன், இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

பள்ளி முக்கியம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆசிரியர் சம்பளம், நர்ஸ் சம்பளம் இரண்டையும் அரசே தருகிறது, பஞ்சாயத்தின் கையில் இருப்பது கட்டடமும் தண்ணீரும் சுத்தமும்தான்.

பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெளிவானது. 2021 முதல் 2026 வரைக்கு மத்திய அரசு பஞ்சாயத்துகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது, மீதி 40 சதவீதம்தான் ஊர்த் தேவைப்படி செலவழிக்க, அதிலும் சம்பளம் தர முடியாது. கழிப்பறை, தொட்டி எல்லாம் அந்த 60-க்குள்ளேயே அடங்கிவிடும். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகினால் இந்த மானியத்தில் 40-ஐ விட்டால் வழியில்லை. அந்த 40-ஐயும் பள்ளிக்கே கொடுத்துவிட்டால் கூரை அப்படியேதான் கிடக்கும்.

அந்தக் கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது, மழை வந்தால் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் போட வேண்டும். கைக்குழந்தையோடு யார் தங்குவார்கள்? அதனால் இங்கே வேலைக்கு வந்த நர்சம்மாக்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கர்ப்பிணிக்குக் கால் வீங்கித் தலைவலி என்றால் பிரஷர் பார்க்கக்கூட ஆள் கிடையாது, காட்டெருமை நிற்கும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நர்சம்மா ஊரிலேயே இருந்தால் 108-ஐக் கூப்பிடுவதா, காலை வரை பொறுக்கலாமா என்று பார்த்துச் சொல்வார்.

அப்புறம் பராமரிப்பு. குடியிருக்கும் வீட்டில் கூரை விரிசல் விட்டால் அன்றைக்கே கண்ணில் படும். கழிப்பறைக்கோ தினமும் கழுவ ஆள் வேண்டும், 30 பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்ட மானியமே வருஷத்துக்கு 10,000 ரூபாய்தான். அதனால் கழிப்பறை கேட்பவர்கள் தூய்மைக் காவலரை அங்கே அனுப்பவும் சேர்த்தே தீர்மானம் போட வைக்க வேண்டும்.

குவார்ட்டர்ஸ் மராமத்து முடிந்து ஒரு மழைக்காலம்தான் போயிருக்கிறது, கூரை எத்தனை வருஷம் தாங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். சேலம் டவுனில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆஸ்பத்திரி ஆட்டோ தூரத்தில் இருக்கிறது, மாநகராட்சி சொத்து வரியோடு கல்வி வரியும் வாங்குகிறது. அங்கே நான் இருந்தால் பள்ளிக்குத்தான் கை தூக்குவேன்.