வரியைச் சுண்டினால்தான் பாட்டு: மிக்கு ஃபிளிக் அனுபவம்

சேகா நிறுவனத்தின் 'மிக்கு ஃபிளிக்' ஐபோனுக்கு வந்தது 2012இல். இரண்டாம் பாகமும் அதே ஆண்டில்தான். தாள விளையாட்டுகளில் இன்றும் நான் கைவிடாதது இது ஒன்றே. மற்றவற்றில் வட்டங்கள் வந்து விழும், தொட்டால் போதும். பாட்டு எந்த மொழி என்பது பொருட்டே இல்லை. இதில் ஹட்சுனே மிக்கு பாடும் வரியை, அவள் பாடும் வேகத்திலேயே, ஜப்பானியக் கைப்பேசி விசைப்பலகையில் உள்ளிட வேண்டும். மிக்கு என்பவள் சப்போரோவிலுள்ள கிரிப்டன் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாடும் மென்பொருள். மூச்சு வாங்குகிற தேவை அவளுக்கு இல்லை. நம் கட்டைவிரலுக்கு இருக்கிறது.

விசைப்பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று பத்து விசைகள். ஹகர வரிசை பழைய ஜப்பானியத்தில் பகரமாக ஒலித்தது. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது நம் நெடுங்கணக்கின் வரிசைதான். சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருதம் பயின்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன ஒழுங்கு இது. ககர விசையைத் தொட்டால் 'க'. இடப்பக்கம் சுண்டினால் 'கி', மேலே 'கு', வலப்பக்கம் 'கெ', கீழே 'கொ'. ஆங்கில விசைகளில் இரண்டு தட்டு கேட்கும் எழுத்து இங்கே ஒரே சுண்டலில் முடிந்துவிடுகிறது. ஜப்பானியம் தொடங்கும் ஆங்கிலேயர் மனப்பாடம் செய்யும் வரிசையில் பாதி நமக்குப் பள்ளியிலேயே வந்துவிட்டது.

நம்மைத் தடுக்கி விழவைப்பது மாத்திரைக் கணக்கு. 'நிப்பொன்' என்ற சொல்லுக்கு நம் இலக்கணப்படி மூன்று மாத்திரை: குறில் இரண்டுக்கு இரண்டு, மெய் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஜப்பானியர் அந்த 'ப்'புக்கும் 'ன்'னுக்கும் முழு அளவு தந்து நான்காக எண்ணுகிறார்கள். இசையிலும் பெரும்பாலும் அப்படியே. 'ன்'னுக்குத் தனி ஸ்வரம் விழும். மெய்யைக் கடந்து ஓடியே பழகிய தமிழ்க் காது அங்கே அரை அடி முந்திவிடும். இந்தப் பழக்கம் தேயப் பல மாதம் ஆனது. பிறகு ஜப்பானியர் பேசும்போதே அந்த அளவு காதில் விழத் தொடங்கியது. இந்த விளையாட்டு எனக்குத் தந்த பெரிய லாபம் அதுதான்.

சொல்வளம் கூடும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். விரல் வரியை அறியும், பொருளை அறியாது. சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகளும் இதனால் வராது; விசைகளில் இருப்பது 'கானா' எனும் ஜப்பானிய ஒலியெழுத்து மட்டுமே. பின்னணியில் ஓடும் நடனக் காட்சிகள் அழகானவை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆடுகிறவருக்கு அதைப் பார்க்க நேரம் ஏது?

புளூடூத் காதொலிப்பான் உதவாது. ஒலி சற்றே பிந்தினாலும் எல்லாச் சுண்டலும் பிசகும். கம்பியுள்ளதையே பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டுக்கு இது வரவே இல்லை. 2017இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11, இது போன்ற பழைய 32-பிட் செயலிகளை நிறுத்திவிட்டதால் என் பழைய ஐபோனைப் புதுப்பிக்காமலே வைத்திருக்கிறேன். பேட்டரி உப்பும் வரை அது மிக்குவுக்குத்தான்.