ஆறு மாத ஃபைபர் இணைப்பு: வேகம் உண்டு, ஐபிவி6தான் படுத்திவிட்டது

வேகத்தில் குறையே இல்லை. 100 எம்பிபிஎஸ் பிளான், ராத்திரி ஒன்பது மணிக்கும் 90க்குக் கீழே இறங்குவதில்லை. முதல் மூன்று வாரம்தான் பாடாய்ப் படுத்தியது. பேங்க் பக்கத்தைத் திறந்தால் மேல்பட்டை மட்டும் வரும், கீழே வெள்ளையாக நிற்கும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே பக்கம் மொபைல் டேட்டாவில் உடனே திறக்கும். கஸ்டமர் கேருக்கு நாலு தடவை பேசினேன், நாலு தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள்.

கடைசியில் விண்டோஸில் வைஃபை பிராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 6’ (அதாவது ஐபிவி6, இணைய முகவரிகளின் புதிய முறை) வரியில் இருந்த டிக்கை எடுத்தேன். பக்கம் பட்டென்று திறந்தது. திரும்ப டிக் போட்டதும் மறுபடி தொங்கியது. சரி, கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஐபிவி6 சரியில்லை என்றால் பிரவுசரே பழைய முறையான ஐபிவி4க்குத் தாவிவிடுமே என்று கேட்பீர்கள். இணைப்பே கிடைக்காதபோதுதான் தாவும். இங்கே இணைப்பு கிடைத்துவிடுகிறது, பெரிய பாக்கெட்தான் (டேட்டா பிரிந்து போகும் பொட்டலம்) வழியில் காணாமல் போகிறது. பிபிபிஓஇ லைனில் (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 1492 பைட்தான் போகும். ஐபிவி6இல் நடுவில் உள்ள ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டு போடாது, பெரிதாக இருக்கிறது என்று அனுப்பிய இடத்துக்குத் தகவல் மட்டும் சொல்லும், அந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால் அதே பெரிய பாக்கெட் திரும்பத் திரும்ப வந்து விழுந்துகொண்டே இருக்கும். பிங் (ஒரு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பார்த்தேன்: 1444 பைட்டுக்குப் பதில் வருகிறது, பாக்கெட்டின் முகப்பில் வரும் ஹெடர் 48 சேர்த்தால் கணக்கு சரியாக 1492. 1445க்குச் சத்தமே இல்லை.

இதைச் சொன்னதும் ஐந்தாவது தடவை பேசிய பெண்ணுக்குச் சட்டென்று புரிந்தது. ரவுட்டரில் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1492 ஆக்கிக் கொடுத்தார், பத்து நிமிட வேலை. அன்றைக்கே டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அதே அழைப்பில் அவருக்கு முன் பேசியவர் “அப்படியே ஆஃப்லயே விட்டுடுங்க” என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இவர்கள் தரும் ஐபிவி4 முகவரி 100.64 என்று தொடங்குகிறது, அதாவது பலருக்கும் பொதுவான ஒரு முகவரியின் பின்னால் இருக்கிறோம், வெளியிலிருந்து அதன் வழியாக நேரே வீட்டுக்குள் வர முடியாது. வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க எனக்கு ஐபிவி6தான் வழி. மைக்ரோசாஃப்டும் இதை அணைக்கச் சொல்வதில்லை, வேண்டுமானால் ஐபிவி4க்கு முன்னுரிமை கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. கோளாறைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் அணைக்கலாம், அதற்கு மேல் லைனைச் சரிசெய்வது அவர்கள் வேலை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குகிறவர்கள் லைன்மேன் கிளம்புவதற்கு முன்பே, டிக் இருக்கும்போதே, லேப்டாப்பில் உங்கள் பேங்க் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.