பழைய பாம் கணினியில் ‘ஃபுல் வெர்ஷன்’ விளையாட்டு: ஊட்டியில் வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்

ஊட்டியில் பழைய மின்னணுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், பாம் நிறுவனத்தின் பழைய கையடக்கக் கணினிகளை, “உள்ளே இருக்கிற கேம் எல்லாம் ஃபுல் வெர்ஷன், காசு கட்டிப் பதிவு பண்ணினது” என்று சொல்லி, அதற்கெனத் தனித் தொகை வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். அந்தப் பதிவு வாங்குகிறவருடையது அன்று. முன்பு அந்தக் கருவியை வைத்திருந்த யாரோ ஒருவருடையது. பேட்டரி ஒருமுறை அடியோடு இறங்கிவிட்டால் அதுவும் போய்விடும். கடைக்காரர் இதைத் தெரிந்துகொண்டேதான் விற்கிறார் என்பதால் இதை எழுதுகிறேன்.

கருவியை வாங்கியது என் அப்பாவுக்காக. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற அவர், வேலையில் இருந்த காலத்திலேயே பாம் எம்100 ஒன்றில் மாஜோங் காய்களை ஜோடி சேர்த்து எடுக்கும் சாலிட்டர் விளையாட்டை ஆடிப் பழகியவர். கைப்பேசியில் இதே விளையாட்டு எத்தனையோ வடிவங்களில் கிடைத்தாலும், நடுவே விளம்பரம் வந்து விழுவதும் விரல் நுனிக்கு அடியில் காய் மறைந்துபோவதும் அவருக்கு ஒத்துவரவில்லை. பழைய கருவி பழுதானபின் அதே மாடல் ஊட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கருவிக்கு 2,200 ரூபாய், விளையாட்டுகளுக்கு 900 ரூபாய் என்றார்கள். பில் கேட்டபோது, “பழைய சாமானுக்கு ஏது சார் பில்?” என்று சிரித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் நீல மையால் பதிவுக் குறியீட்டை எழுதிக் கொடுத்தார் கடைக்காரர்.

விளையாட்டைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மொத்தம் 144 காய்கள். எல்லோருக்கும் பழகிய ஆமை வடிவ அடுக்கில் அவை குறுக்கே 15 வரிசைகளாகப் பரவிக் கிடக்கும். எம்100 கருவியின் திரை 160 புள்ளிகள் அகலம் மட்டுமே என்பதால் ஒரு காய்க்குப் பத்துப் புள்ளி அளவுதான் இடம். அந்த இடத்துக்குள் மூங்கில் ஏழையும் மூங்கில் எட்டையும் வேறுபடுத்திக் காட்டும்படி வரைந்தவரின் திறமையை மெச்சத்தான் வேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டுகள் பெரும்பாலும் ஷேர்வேர் முறையில் வந்தவை. நிரலை யாரும் இலவசமாக எடுத்து ஆடிப் பார்க்கலாம். ஆமை அடுக்கு மட்டும் திறந்திருக்கும். மற்ற அடுக்குகள் வேண்டுமென்றால் எழுதியவருக்குப் பணம் அனுப்பிக் குறியீடு பெற வேண்டும். கடையில் எங்கள் கண்முன்னே எல்லா அடுக்குகளும் திறந்தன. அந்த அளவில் கடைக்காரர் காட்டியது உண்மைதான்.

அந்தக் குறியீடு எப்படி உருவாகிறது என்பதில்தான் சூது இருக்கிறது. பாம் கருவியைக் கணினியோடு இணைத்து, இரண்டிலும் உள்ள தரவுகளை ஒன்றுபடுத்தும் ஹாட்சிங்க் வேலையைச் செய்யும்போது, கருவிக்கு ஒரு பயனர் பெயர் வைக்கப்படும். ஷேர்வேர் எழுதிய பலரும் அந்தப் பெயரை வைத்தே பதிவுக் குறியீட்டைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பெயர் மாறினால் குறியீடு செல்லாது. எங்கள் கருவியின் ஹாட்சிங்க் திரையில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. “இது யாரு பேருப்பா?” என்று அப்பா கடையிலேயே கேட்டார். “அது கம்பெனியில வெச்ச பேரு ஐயா, அதை மட்டும் தொட்டுடாதீங்க” என்று பதில் வந்தது. அது நிறுவனம் வைத்த பெயர் அன்று. முன்பு கருவியை வைத்திருந்தவரின் பெயர்.

இந்தக் கருவி ரிமோட்டில் போடும் சிறிய பேட்டரிகள் இரண்டில் ஓடுவது. நிரல்களும் அவற்றில் பதிந்த குறியீடுகளும் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவகத்தில் நிற்கும். பேட்டரியை மாற்றும்போது ஏறக்குறைய ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். உறைபனி விழும் மாதத்தில், கண்ணாடி வராந்தாவில் இரவு முழுவதும் கிடந்த கருவி காலையில் எழவில்லை. குளிரில் அல்கலைன் பேட்டரியின் திறன் குறைவது மலையில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அன்று. புது பேட்டரி போட்டதும், தொழிற்சாலையில் இருந்து வந்த நாளில் இருந்ததுபோல் வெறுமையாகத் திறந்தது. முகவரிப் புத்தகமும் இல்லை, விளையாட்டும் இல்லை.

இந்த மாடலைக் கணினியோடு இணைக்கப் பழைய சீரியல் கம்பி வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அதற்கு வாய் இல்லை. ஆகவே கடைக்கே போக வேண்டியதாயிற்று. அவர் வேறொரு கருவியிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வழியாக விளையாட்டை அனுப்பிவைத்தார். வந்தது நிரல் மட்டுமே, பதிவு வரவில்லை. ஆமை அடுக்கைத் தவிர எல்லாம் பூட்டிக் கிடந்தன. சீட்டில் இருந்த குறியீட்டை இட்டால் செல்லாது என்றே திரும்பத் திரும்ப வந்தது. முதலில் சுழியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி அடிக்கிறீர்கள் என்றார். பிறகு, “இந்த கேமே அப்படித்தான் சார், சில ஆட்டம் முடியவே முடியாது” என்றார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து அடுக்கும்போது சில ஆட்டங்கள் முடிவுக்கு வரமாட்டா என்பது மெய்தான். ஒரே மாதிரியான நான்கு காய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. ஆனால் நாங்கள் கேட்டது பூட்டிக் கிடக்கும் அடுக்கைப் பற்றி; முடியாத ஆட்டத்தைப் பற்றி அன்று. கடைசியில், இன்னும் 500 ரூபாய் கொடுத்தால் புதுக் குறியீடு வாங்கித் தருவதாகச் சொன்னார். எழுதியவரின் விற்பனைப் பக்கமே இப்போது இல்லை; யாரிடமிருந்து வாங்கித் தருவார் என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை.

வேறொருவர் பெயருக்கு உரிய குறியீட்டை விற்பது, இன்னொருவர் ரேஷன் அட்டை எண்ணைச் சொல்லி நம் பெயருக்கு அரிசி வாங்கச் சொல்வதைப் போன்றது. பழைய பெயரையே மறுபடி வைத்தால் குறியீடு வேலை செய்யும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யும், ஆனால் அது அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கிய உரிமம், அதற்கு நாங்கள் ஏன் ஊட்டிக் கடைக்காரருக்கு 900 ரூபாய் கொடுத்தோம்? இதைவிடப் பெரிய வேடிக்கை, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள அப்பாவின் நண்பர் ஒருவரும் அதே கடையில் வாங்கியிருக்கிறார். அவரிடம் உள்ள சீட்டிலும், அதே நீல மையில், அதே குறியீடு. ஒரே குறியீட்டை வருவோர் போவோருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தகைய கருவியை வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரையே முழு அழிப்புச் செய்யச் சொல்லுங்கள். மின்பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்புறத் துளையில் ஊசியால் குத்தினால், எல்லாத் தரவையும் அழிக்கவா என்று கேட்கும். மேல்நோக்கிய பொத்தானை அழுத்தினால் அழியும். அதன்பின் உங்கள் பெயரில் ஹாட்சிங்க் செய்து, விளையாட்டை ஏற்றி, குறியீட்டை இட்டு, எல்லா அடுக்குகளும் திறக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் கருவிக்கு மட்டும் விலை பேசுங்கள். விளையாட்டுக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். திறந்திருக்கும் ஆமை அடுக்கு எப்படியும் இலவசம்.

ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பழைய பொருள் என்பது அதற்குச் சாக்காகாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எங்கள் புகாரை எழுதிவிட்டோம். வெலிங்டன் நண்பரின் சீட்டும் அதோடு போகிறது. அந்தக் கடையில் வாங்கியவர்கள், குறியீடு எழுதிய சீட்டைத் தூக்கிப் போடாமல், பணம் அனுப்பிய விவரத்தோடு சேர்த்து வைத்திருங்கள். பில் இல்லாத இடத்தில் கடைக்காரர் கைப்பட எழுதி நம்மிடம் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.