சேலத்தில் மூன்று மாதக் கண் பரிசோதனை: டார்ச் போதாதுங்க

மூட்டுவாதம் உள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் கண் பரிசோதனை, இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த லீவுக்கு நடுவில் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், சேலத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக். டோக்கன், ஃபேனுக்குக் கீழே இடம் பிடிப்பது எல்லாம் பழையபடிதான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு வெள்ளையாத்தானே இருக்குது, வலியும் இல்ல, எதுக்குங்க பயப்படறீங்க?" என்றார்கள். பற்றிக்கொண்டு வந்தது. பெரும்பாலும் சிவக்காமல், வலிக்காமல் வருகிற யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் அழற்சி) இது, அதற்காகத்தானே பரிசோதனையே! மூட்டைத் தாக்கும் எதிர்ப்பு சக்தி கண்ணின் முன்னறையையும் தாக்குகிறது. அங்குள்ள நீரில் வெள்ளை அணுக்கள் மிதக்கும், கசிந்த புரதத்தால் நீர் மங்கும். இருட்டறையில் ஸ்லிட் லேம்ப் (கண் பார்க்கும் நுண்ணோக்கி) ஒளியை ஒரு மில்லிமீட்டர் சதுரமாகக் குறுக்கி, அதற்குள் தெரியும் அணுக்களை எண்ண வேண்டும். 6 முதல் 15 வரை என்றால் அழற்சி ஒரு பிளஸ் (1+) அளவு. டார்ச்சில் இது தெரியவே தெரியாது. டார்ச்சில் தெரிகிற நிலைக்குப் போனால், ஐரிஸ் (பாவையைச் சுற்றிய வண்ணத் திரை) லென்ஸோடு ஒட்டிப் பாவை கோணியிருக்கும், கருவிழியில் வெள்ளைப் பட்டை படிந்திருக்கும். முழங்கால் வீக்கம் வடிந்ததும் சமாதானம் ஆகாது; மூட்டு அடங்கிய பிறகும் கண்ணுக்குள் அழற்சி ஓடும். சின்ன வயதிலேயே மூட்டுவாதம் வந்து, ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் கெடு தவறவே கூடாது.

சாரதா காலேஜ் ரோட்டில் இன்னொரு இடம். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் அன்று மாலையே பார்த்தார்கள். இங்கிலாந்தில் இது நடக்குமா? பிள்ளையை ஸ்டூலில் முட்டி போட வைத்து, பாவை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்பே அணுக்களை எண்ணி, கண் அழுத்தமும் பார்த்தார்கள். ஸ்டீராய்டு சொட்டு அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அந்த அழுத்த அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மெடிக்கலில் பிரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீத ஸ்டீராய்டு சொட்டு கேட்டால், "இதுவும் ஸ்டீராய்டுதாங்க" என்று ஃப்ளோரோமெத்தலோனை நீட்டுவார்கள். அது வீரியம் குறைந்தது, வாங்காதீர்கள். பிரெட்னிசலோன் அடியில் படியும். நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரம் ஒரு நாள்தான். தினமும் என்று சீட்டில் விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதே போல எதிர்ப்பு சக்தியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி லண்டனில் வீடு தேடி வரும். இங்கே தெர்மாகோல் பெட்டி உங்கள் பொறுப்பு. 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஐஸ் பேக் ஊசியைத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனதும் லாட்ஜ் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரை ஒட்டி வைத்துவிடாதீர்கள். உறைந்த ஊசியை உருக வைத்துப் போடக்கூடாது, எறியத்தான் வேண்டும்.